உப்புக்காற்றில் அணைந்த சோலார் தோட்ட விளக்குகளை மீட்பது எப்படி? சென்னை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி எங்கள் வீடு. மொட்டை மாடித் தொட்டிகளுக்கு நடுவிலும், கேட்டிலிருந்து வாசல்படி வரைக்கும் சேர்த்துப் பதினான்கு சோலார் விளக்குகள் குத்தி வைத்திருந்தோம். வாங்கிய வருஷம் கார்த்திகைக்குப் பதினான்கும் எரிந்தன. மறு கார்த்திகைக்கு ஆறு. அதற்கடுத்த போகியன்று கிழிந்த பாய், உடைந்த முறத்தோடு அவற்றையும் மூட்டை கட்டி அம்மா வெளியே வைத்துவிட்டார். குப்பை வண்டி வருவதற்குள் சும்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பென்சில் பேட்டரி, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சர்க்யூட் அட்டை, நாலு வயர். அவ்வளவுதான். இதற்கா குப்பைக்கு என்று மூட்டையை உள்ளே தூக்கி வந்தேன்.

பதினான்கில் பன்னிரண்டு திரும்ப எரிந்தன. ஒன்பதில் பேட்டரி மட்டும்தான் போயிருந்தது. இரண்டில் முனைகளில் களிம்பு. ஒன்றில் பேனல் மங்கியிருந்தது. மீதி இரண்டின் கதை கடைசியில்.

இந்த விளக்குகள் அணைந்தால் 'பழசாகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். எல்இடி அவ்வளவு சீக்கிரம் சாகாது, பேனலும் பல வருஷம் தாங்கும். சென்னையில் இவற்றை வீழ்த்துவது உப்புக்காற்று, கத்திரி வெயில், ஐப்பசி மழை. மூன்றும் தாக்குவது பேட்டரியையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் தகரத்தையும்தான். அதனால் செலவு குறைந்த இடத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் போதும். எடுத்தவுடன் சால்டரிங் அயர்னைத் தூக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மேலே உள்ள பேனலை உற்றுப் பாருங்கள். கோடு கோடாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு சிலிக்கான் செல், சுமார் அரை வோல்ட் தரும். நான்கு பட்டை இருந்தால் 2 வோல்ட் பேனல். அப்படியானால் உள்ளே 1.2 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். பத்துப் பன்னிரண்டு பட்டை இருந்தால் 5, 6 வோல்ட் பேனல், உள்ளே பெரும்பாலும் லித்தியம். பிரிப்பதற்கு முன்பே பட்டைகளை எண்ணி இதைத் தெரிந்துகொள்ளலாம்.

வெள்ளை எல்இடி எரிய சுமார் 3 வோல்ட் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 1.2. இந்த இடைவெளியை நிரப்ப நான்கு கால் உள்ள ஒரு கறுப்பு ஐசியும் (மின்னணுச் சில்லு), பச்சை நிற ரெசிஸ்டர் மாதிரியே இருக்கும் ஒரு சின்ன காயிலும் (கம்பிச் சுருள்) சேர்ந்து மின்னழுத்தத்தை உயர்த்துகின்றன. இருட்டியதைக் கண்டுபிடிப்பதும் இந்த ஐசிதான். பேனலிலிருந்து வரும் வோல்ட் விழுந்தால் 'ராத்திரி வந்துவிட்டது' என்று எடுத்துக்கொண்டு விளக்கைப் போடுகிறது. இதற்கென்று தனியாகக் கண் எதுவும் பெரும்பாலான விளக்குகளில் கிடையாது, பேனலே கண்.

பிரிப்பதற்கு முன் நான்கு சோதனை

ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் பக்கத்து வீட்டில் மூன்று விளக்குகளுக்கு இதுதான் வைத்தியம். புதிதாக வாங்கியதென்றால் பேட்டரி அறையிலிருந்து ஒரு கண்ணாடித் தாள் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை உருவி எடுக்காவிட்டால் விளக்கு எந்தக் காலத்திலும் எரியாது.

அப்புறம் பேனலை உள்ளங்கையால் முழுக்க மூடுங்கள். விரலிடுக்கில் வெளிச்சம் போனால்கூட ஏமாந்துவிடும், அதனால் கறுப்புத் துணி இன்னும் நல்லது. எரிந்தால் விளக்கில் கோளாறே இல்லை, வைத்திருக்கும் இடத்தில்தான் கோளாறு. தெருவிளக்கோ எதிர்வீட்டு போர்ட்டிகோ விளக்கோ பேனல் மேல் விழுந்தால் ஐசி அதைப் பகல் என்றே நினைத்துக்கொள்ளும். தெருவிளக்கு சோடியம் மஞ்சளிலிருந்து வெள்ளை எல்இடிக்கு மாறிய பிறகு எங்கள் கேட் ஓர விளக்குகள் இரண்டு இப்படித்தான் மௌனமாயின. இரண்டடி நகர்த்தி வைத்தேன், சரியாகிவிட்டது.

மூன்றாவது, பேனலைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்துப் பாருங்கள். காக்கை எச்சம், மாம்பூ காலத்துப் பிசுபிசுப்பு, போர் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் படிந்த வெள்ளை உப்பு எல்லாம் சேர்ந்து பேனலைக் குருடாக்கியிருக்கும். ஈரத்துணியில் போகாத உப்புக் கறைக்குச் சமையல் வினிகரில் நனைத்த பஞ்சை ஐந்து நிமிஷம் போட்டு வைத்துத் துடையுங்கள். கடைசியாகக் கழுவ மெட்ரோ தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ போதும். திரும்பவும் போர் தண்ணீரில் கழுவினால் உலர்ந்ததும் மறுபடி வெள்ளை பூத்துவிடும்.

நான்காவதுதான் முக்கியம். நன்றாக எரியும் இன்னொரு விளக்கின் பேட்டரியை இதில் மாற்றிப் போட்டு, பேனலை மூடிப் பாருங்கள். எரிந்தால் பேட்டரி கோளாறு. எரியாவிட்டால் வேறெங்கோ. மீட்டர்கூட வேண்டாம். வீட்டில் எரியும் சோலார் விளக்கே இல்லையென்றால் ரிமோட்டில் இருக்கும் பேட்டரியை ஐந்து நிமிஷச் சோதனைக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். எடுக்க மறந்துவிடாதீர்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தேவையான சாமான்

சின்ன நட்சத்திரத் திருப்புளி, உப்புத்தாள் இரண்டு மூன்று ரகம், காது குடையும் பட்ஸ், பழைய பல் தேய்க்கும் பிரஷ், வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு, வாஸ்லின். முடிந்தால் ஒரு மல்டிமீட்டர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில். வயர் அறுந்திருந்தால் மட்டும் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஈயம், ஃபிளக்ஸ்.

பேட்டரி முதல் ஐசி வரை எல்லாமே ரிச்சி தெருவில் கிடைக்கும். மெட்ரோவில் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பழைய பேட்டரியையும் பழைய ஐசியையும் கையோடு கொண்டு போங்கள். "அண்ணே, சோலார் லைட்டுக்குப் பேட்டரி வேணும்" என்று மட்டும் கேட்டால், "எத்தனை எம்ஏஎச் தம்பி? சின்ன சைஸா, பெரிய சைஸா?" என்று பத்துக் கேள்வி வரும் (எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு). சாமானைக் காட்டினால் பேச்சே தேவைப்படாது.

பிரிப்பது

தலைப்பகுதியைத் திருகினால் கழன்றுவிடும் வகைதான் அதிகம். அடியில் மூன்று திருகாணி இருக்கும். துருப்பிடித்து அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், தலை தேய்ந்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திருப்புங்கள். பேனல் மேல்மூடியோடு ஒட்டியிருக்கும், அங்கிருந்து இரண்டு மெல்லிய வயர் கீழே அட்டைக்கு வரும். மூடியை வெடுக்கென்று இழுத்தால் அது அறுந்துவிடும். முதல் விளக்கில் நான் செய்த காரியம் அதுதான், இல்லாத கோளாறை நானே உண்டாக்கினேன்.

பிரித்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பது பின்னால் வயர் கையோடு வந்துவிடும்போது தேவைப்படும். உள்ளே எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பேட்டரி: வேலையின் முக்கால்வாசி இங்கேதான்

இந்த விளக்குகளில் இருப்பது ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, 1.2 வோல்ட். ரொம்பப் பழைய விளக்கில் நிக்கல் காட்மியம் இருக்கலாம், அதற்குப் பதிலாகவும் இதையே போடலாம். பார்க்க ரிமோட் பேட்டரி மாதிரியே இருப்பதால் பலர் செய்யும் தவறு, சுவர்க்கடிகாரத்துக்கு வாங்கிய சாதாரண பேட்டரியை எடுத்துப் போட்டுவிடுவது. அன்றைக்கு ராத்திரி பிரமாதமாக எரியும். மறுநாள் வெயிலில் பேனல் அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். சார்ஜ் ஆவதற்காகச் செய்யப்படாத பேட்டரி அது. கொஞ்ச நாளில் ஒழுகி, முனைகளையும் அட்டையையும் சேர்த்து அரித்துவிடும். எங்கள் மூட்டையில் களிம்பேறிய இரண்டும் இப்படி வந்தவையே.

மீட்டர் இருந்தால் பேட்டரியை அளந்து பாருங்கள். ஒரு நாள் முழுக்க வெயிலில் இருந்தபின் 1.25க்கு மேல் காட்டினால் நல்லது. 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஒன்று சார்ஜே ஆகவில்லை, இல்லை பேட்டரி போய்விட்டது. ஆனால் சும்மா இருக்கும்போது 1.3 காட்டுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். கிழட்டுப் பேட்டரி உட்கார்ந்திருக்கும்போது கம்பீரமாக இருக்கும், வேலை கொடுத்தால் பொத்தென்று விழும். விளக்கு எரியும்போதே அளந்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும்.

புதிது வாங்கும்போது எம்ஏஎச் கூடக் கூட நல்லது என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கும். எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்ன பேனல் உச்சி வெயிலில் 50 மில்லி ஆம்பியர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். காலை மாலை மங்கிய வெயிலையெல்லாம் சேர்த்துச் சுருக்கினால் சென்னையில் ஒரு நாளைக்குச் சுமார் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். ஆக 250 எம்ஏஎச். சார்ஜ் ஆகும்போது வீணாவது போக உள்ளே தங்குவது 200க்குள்தான். விளக்கு ராத்திரி 25 மில்லி ஆம்பியர் இழுத்தால் எட்டு மணி நேரம் எரியும். இந்த வருமானத்துக்கு 600 எம்ஏஎச் பேட்டரி தாராளம். 2500 போட்டாலும் விளக்கு கூடுதல் நேரம் எரியாது. மாசச் சம்பளம் அதேதான், பெரிய பீரோ வாங்கியதால் பணம் பெருகாது.

ஆனால் நல்ல பிராண்டாக இருப்பது முக்கியம். தெருவோரக் கடையொன்றில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு டஜன் வாங்கினேன். மேலே கொட்டை எழுத்தில் பெரிய எண். கையில் எடுத்தபோதே இறகு மாதிரி இருந்தது, அப்போதே உறைத்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் பாதி படுத்துவிட்டன. ஒரே அளவிலான இரண்டு பேட்டரிகளில் கனமானது பெரும்பாலும் யோக்கியமானது.

அளவிலும் கவனம் வேண்டும். ரிமோட்டுக்குப் போடும் ஒல்லியானது ட்ரிபிள் ஏ, அதைவிடப் பருமன் டபுள் ஏ. விளக்கில் இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். புதுசும் பழசும் கலந்தால் பழசு புதுசையும் சேர்த்துக் கெடுக்கும்.

போட்டதும் அன்று ராத்திரியே எரியவிடாதீர்கள். சார்ஜர் இருந்தால் முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் ஸ்விட்சை அணைத்து இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். ஒரு சிக்கல், சில மலிவு விளக்குகளில் ஸ்விட்சை அணைத்தால் சார்ஜும் நின்றுவிடும். காலையிலும் மாலையிலும் பேட்டரியை அளந்து, வோல்ட் ஏறியிருக்கிறதா பார்த்தால் உங்கள் விளக்கு எந்த ஜாதி என்று தெரிந்துவிடும். ஏறாவிட்டால் ஸ்விட்சைப் போட்டே வைத்துவிட்டு, சாயங்காலம் வெளிச்சம் குறைவதற்குள் அணைத்துவிடுங்கள்.

களிம்பும் துருவும்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் ஓயாத தலைவலி. பெசன்ட் நகர், சாந்தோம், நீலாங்கரை என்று எங்கே போனாலும் ஜன்னல் கம்பியே ஊறிப்போகும் ஊரில், பேட்டரியைத் தாங்கும் ஸ்பிரிங் எம்மாத்திரம்?

இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழுப்பாகச் செதில் செதிலாக இருந்தால் சாதாரணத் துரு, உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்தால் போதும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பெரும்பாலும் பேட்டரியிலிருந்து ஒழுகிய காரத்தின் வேலை. அது கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணில் படவே கூடாது. காரத்துக்கு எதிரி புளிப்பு. பட்ஸை வினிகரில் நனைத்து ஒற்றினால் நுரை விட்டுக் கரையும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே சங்கதிதான், ஆனால் இங்கே புளி வேண்டாம், பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். கரைந்ததும் சுத்தத் தண்ணீர் பட்ஸ், அப்புறம் ஆல்கஹால் பட்ஸ். வினிகரை அப்படியே விட்டுவிட்டால் மறுபடி அதுவே அரிக்கத் தொடங்கும். அரைமணி நேரம் ஃபேன் காற்றில் உலர்த்துங்கள்.

ஸ்பிரிங் முற்றிலும் அரித்து ஒடிந்திருந்தால் ரிச்சி தெருவில் காலி பேட்டரி ஹோல்டர் வாங்கி, இரண்டு வயரைப் பற்றவைத்து மாற்றிவிடலாம். பழைய ஸ்பிரிங்கை நிமிர்த்தி, அலுமினியத் தாளைச் சுருட்டிச் சொருகி என்று ஒப்பேற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. உப்புக்காற்றில் ஒரு மாதம் தாங்காது.

எல்லாம் முடிந்து பேட்டரியைப் போட்டபின் முனைகளில் வாஸ்லினை மெல்லியதாகப் பூசுங்கள். மெல்லியதாக என்றால் விரலில் தொட்டு இழுத்த அளவு. உப்பும் ஈரமும் உலோகத்தைத் தொடாமல் அது தடுத்துவிடும்.

மங்கிய பேனல்

பேனலின் மேல்பரப்பு கண்ணாடியா ரெசினா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், அதைக் கழுவினால் போதும். ரெசின் மந்தமாக ஒலிக்கும். வருஷக்கணக்கில் வெயில் பட்டு அது பால் கலந்ததுபோல் வெளுத்துப் போகும். கார் ஹெட்லைட் மங்குவது மாதிரிதான், வைத்தியமும் அதேதான்.

1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, லேசாக, வட்டமாகத் தேயுங்கள். பால் மாதிரி ஒழுகும். அடுத்து 2000 எண். அதன்பின் வெள்ளைப் பற்பசையைத் துணியில் எடுத்துத் தேய்த்தால் பட்டைகள் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கும். நன்றாகக் கழுவி உலர்த்தி, வண்டிக்கு அடிக்கும் நிறமில்லாத லாக்கர் ஸ்பிரே ஒரு மெல்லிய பூச்சு. நிறமில்லாத நகப்பூச்சையும் தடவிப் பார்த்தேன். ஒரு கோடை தாங்கியது, அப்புறம் மஞ்சளாகிவிட்டது. அவசரத்துக்குச் சரி.

மேல் படலம் கொப்புளம் விட்டு உரிந்திருந்தாலோ, உள்ளே தண்ணீர் புகுந்து பட்டைகள் கறுத்திருந்தாலோ தேய்த்துப் பயனில்லை. நண்பகல் வெயிலில் மீட்டரை வைத்துப் பாருங்கள். நான்கு பட்டைப் பேனல் 2 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை, முக்கால் என்று நின்றால் அதே அளவில் புதுப் பேனல் வாங்கி, சிவப்புக்குச் சிவப்பு கறுப்புக்குக் கறுப்பு சேர்த்துவிடலாம். ஆனால் விளக்கின் விலையையும் பேனலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வயர், எல்இடி, ஐசி

பேட்டரியும் நல்லது, பேனலும் நல்லது, இருந்தும் எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் வயர் மேல். ஒவ்வொன்றையும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். பற்றவைத்த இடத்தில் பச்சை பூத்து, தொட்டதும் உதிரும். நுனியை வெட்டி, புது முனை சீவி, ஈயம் வையுங்கள். அயர்ன் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அட்டையில் நிற்க வேண்டாம், செம்புப் படலம் கழன்று வந்துவிடும்.

எல்இடியைச் சோதிக்க 3 வோல்ட் பொத்தான் பேட்டரி ஒன்று போதும். நீளமான காலைக் கூட்டல் பக்கமும் குட்டையானதைக் கழித்தல் பக்கமும் தொட்டால் எரிய வேண்டும். விளக்கிலேயே பற்றவைத்திருந்தால் கால்கள் வெட்டப்பட்டிருக்கும், இரண்டு விதமாகவும் தொட்டுப் பாருங்கள்.

ஐசி போவது அபூர்வம். போனால் சில ரூபாயில் கிடைக்கும். க்யூஎக்ஸ்5252, ஒய்எக்ஸ்8018 என்று பல வகை உண்டு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருந்தாலும் கால்களின் வரிசை வகைக்கு வகை மாறலாம். அதனால் பூதக்கண்ணாடியில் எழுத்தைப் படித்து அதே எண்ணை வாங்குங்கள். எழுத்து அழிந்திருந்தால் ஊகித்துப் போட வேண்டாம்.

திரும்ப மூடுவது

மழைத் தண்ணீர் மேலேயிருந்து வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பகலில் சூடேறி விரிந்த காற்று, சாயங்கால மழையில் சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருக்கும் ஈரத்தை உள்ளே உறிஞ்சுகிறது. முழுக்க அடைத்தாலும் கொஞ்சம் புகத்தான் செய்யும், புகுந்தது வெளியேற வழியிருக்காது. நான் செய்வது, பேனலைச் சுற்றியும் மேல்மூடி விளிம்பிலும் சிலிக்கான் சீலன்ட் போட்டு அடைத்துவிட்டு, விளக்குக் கூண்டின் அடியில் ஒரு ஊசித் துளை. மேலே அடை, கீழே திற.

சீலன்ட் வாங்கும்போது ஒரு விஷயம். சில ரகத்தில் பிதுக்கியதும் வினிகர் வாடை குப்பென்று அடிக்கும். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள்.

எங்கே குத்தி வைப்பது

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உச்சிச் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். மார்கழியில் நன்றாகத் தெற்கே போய்விடும்.

விளக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பத்தடிச் சுவரின் நிழல் மார்கழி நண்பகலில் ஏழடிக்கு மேல் வடக்குப் பக்கம் விழும். ஆனி மாதத்தில் அதே சுவரின் நிழல் தெற்கே இரண்டடிகூட வராது. ஆக, சுவருக்கு வடக்கே ஒட்டிவைத்த விளக்கு கோடையில் ஜோராக எரிந்துவிட்டு மார்கழியில் சோர்ந்தால் பேட்டரியைத் திட்டாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். தெற்குப் பார்த்த பால்கனியில் இதற்கு நேர்மாறாக மழைக்காலம் முடிந்தபின் நல்ல வெயில் கிடைக்கும், மே, ஜூனில் மேல்தளமே நிழலாகிவிடும். தொங்கும் விளக்கின் பேனலைச் சாய்க்க முடியுமென்றால் தெற்கு நோக்கி லேசாகச் சாய்த்தால் போதும். தட்டையாக மேலே பார்த்திருக்கும் பேனலுக்கும் நம் ஊரில் பெரிய நஷ்டமில்லை. எச்சமும் தூசியும் மழையில் வழிந்து போக மட்டும் அந்தச் சாய்வு உதவும்.

வேப்பமரம், வாதாமரத்தடியில் குத்தி வைத்துவிட்டு எரியவில்லை என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வருஷத்தில் எப்போது எதைச் செய்வது

மாதம் இருமுறை பேனலைத் துடைப்பது எப்போதும் உண்டு. கடலுக்கு அருகில் இருந்தால் வாரம் ஒருமுறை.

மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கும் முன், மொட்டை மாடியில் இருப்பவற்றைக் காலை வெயில் மட்டும் படும் மூலைக்கு நகர்த்துங்கள். இந்தப் பேட்டரிகள் 45 டிகிரிக்கு மேல் சூடானால் சார்ஜைச் சரியாக வாங்கிக்கொள்ளாது, ஆயுளும் குறையும். கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள் மத்தியான வெயிலில் அந்தச் சூடு சர்வசாதாரணம். வெயில் அதிகமிருந்தும் மே மாதத்தில் விளக்கு சீக்கிரம் அணைகிறதே என்று குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான்.

செப்டம்பர் கடைசியில் எல்லாவற்றையும் ஒருமுறை பிரித்து, முனைகளைத் துடைத்து, வாஸ்லினைப் புதுப்பித்து, சீலன்ட் விரிந்திருக்கிறதா பாருங்கள். சென்னையின் வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மேகம் மூடிய நாளில் பேனலுக்குக் கால்வாசி வெளிச்சம்கூடத் தேறாது, ராத்திரியும் நீளம். நாள்கணக்கில் காலியாகவே கிடக்கும் பேட்டரி கெட்டுப்போகும். தொடர்மழை என்றால் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், அல்லது பேட்டரிகளைக் கழற்றி வாரம் ஒருமுறை வீட்டுச் சார்ஜரில் போடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் விளக்குகளை மண்ணிலிருந்து பிடுங்கி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது மரங்களே நிற்கவில்லை, இந்தக் குச்சிகள் எந்த மூலைக்கு? கூர்முனையோடு பறந்து யார் மேலாவது விழுந்தால் வம்பு.

வெள்ளத்தில் மூழ்கிய விளக்கையும் காப்பாற்றலாம். 2023 மிக்ஜாம் புயல் சமயத்தில் எங்கள் கேட் ஓரத்து நான்கும் தண்ணீருக்குள் கிடந்தன. ஈரம் இருக்கும்போதே ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். பேட்டரியை முதலில் கழற்றுங்கள். உள்ளே போன சாக்கடைத் தண்ணீரை நல்ல தண்ணீரால் கழுவி, அட்டையை ஆல்கஹால் தொட்ட பிரஷால் தேய்த்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பழைய பேட்டரியைத் திரும்பப் போட வேண்டாம். நான்கில் மூன்று பிழைத்தன.

லித்தியம் உள்ள சுவர் விளக்குகள்

ஆள் நடமாட்டம் கண்டு எரியும் சுவர் விளக்குகளில் பெரும்பாலும் 18650 வகை லித்தியம் பேட்டரி இருக்கும். மேலே சொன்ன பொறுமையும் வரிசையும் இதற்கும் பொருந்தும், ஆனால் விளையாட்டுத்தனம் கூடாது. பேட்டரி மேல் 3.7 வோல்ட் என்று இருக்கிறதா 3.2 என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டும் வேறு வேறு சரக்கு. 3.7க்கான சர்க்யூட் 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்யும். அதில் 3.2 பேட்டரியைப் போட்டால் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகும். 9900 எம்ஏஎச் என்று அச்சிட்ட 18650 கிடைத்தால் வாங்காதீர்கள், அந்த அளவு உடம்பில் 3500ஐத் தாண்டுவதே பெரிய விஷயம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது. வெளியே மணல் வாளியில் வைத்துவிட்டு அகற்ற வழி பாருங்கள்.

ஆள் வந்தும் எரியாவிட்டால் முன்னால் உள்ள வெள்ளைக் குமிழைத் துடையுங்கள். சிலந்தி வலை ஒன்றே அதைக் குழப்பிவிடும்.

மீளாதவை

மீதி இரண்டு விளக்குகளின் கதை இது. ஒன்றில் சர்க்யூட் அட்டையின் செம்புத் தடமே அரித்துப் போயிருந்தது, ஈயம் வைக்க இடமில்லை. இன்னொன்றில் பிளாஸ்டிக் வெயிலில் அப்பளமாகி, திருகாணியைத் தொட்டதும் நொறுங்கியது. இரண்டிலிருந்தும் பேனல், எல்இடி, காயில், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தேன். மங்கிய பேனல் விளக்கைத் தேய்த்துச் சரிசெய்யும்போது அறுந்த வயருக்கு மாற்று வயர் அந்தப் பாட்டிலிலிருந்துதான் வந்தது.

செத்த பேட்டரிகளைப் போகி நெருப்பில் போடாதீர்கள், மக்கும் குப்பையோடும் கலக்காதீர்கள். நிக்கல் காட்மியம் என்றால் காட்மியம் நஞ்சு, லித்தியம் என்றால் நெருப்பில் வெடிக்கும். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. லித்தியமாக இருந்தால் இரண்டு முனையிலும் செல்லோ டேப் ஒட்டி, மற்றவற்றோடு ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். எங்கள் வீட்டில் டப்பா நிறைந்ததும் மின்கழிவு சேகரிப்பவரிடம் பழைய சார்ஜர், வயர்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.